எந்தக் கருத்தடை முறை உங்களுக்கு ஒத்துவரும்?

“எனக்கு மாத்திரை ஒத்துக்கவே இல்லை, நீ அந்தப் பக்கமே போகாதே” என்பாள் தோழி. “காப்பர்-டி போட்டு எட்டு வருஷம் ஆச்சு, ஒரு தொந்தரவும் கிடையாது, நீயும் அதையே போட்டுக்கோ” என்பாள் அக்கா. இருவர் சொல்வதும் உண்மைதான். அவரவர் உடம்பில் நடந்ததை அவரவர் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் குழப்பம் மிஞ்சுகிறது. தோழிக்கு இருக்கும் உடம்பு உங்களுக்கு இல்லை, அக்காவின் நாள் ஓடுவதைப் போல உங்கள் நாள் ஓடுவதும் இல்லை.

“இருப்பதிலேயே நல்ல முறை எது?” என்று கேட்டால் மருத்துவரிடமும் ஒற்றைப் பதில் கிடைக்காது. அடுத்த குழந்தை எப்போது வேண்டும், வேண்டவே வேண்டாமா, உடம்பில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன, தினமும் ஒன்றை மறக்காமல் செய்ய என்னால் முடியுமா, எந்தத் தொந்தரவை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டுக்கொண்டே போனால் பட்டியல் தானாகச் சுருங்கும். கடைசியில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அங்கிருந்து தேர்ந்தெடுப்பது கஷ்டமில்லை.

எதைத் தடுக்கிறோம்?

ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. அதன் ஆயுள் ஒரு நாள், சில சமயம் அதற்கும் குறைவு. விந்தணுவுக்கோ பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை ஆயுள் உண்டு. ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமாக, ஒரு சுழற்சியில் ஏறக்குறைய 6 நாட்கள்தான் கருத்தரிக்கக்கூடிய நாட்கள். அந்த ஆறும் எவை என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாததுதான் சிக்கல். ஒரு காய்ச்சல் வந்தாலும், மனசு அலைக்கழிந்தாலும் முட்டை வெளிவரும் நாள் தள்ளிப்போகலாம்.

கருத்தடை முறைகள் எல்லாம் இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அறுக்கின்றன. ஆணுறையும் பெண்ணுறையும் விந்தணுவை உள்ளே விடாமல் நிறுத்துகின்றன. மாத்திரை, ஊசி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகியவை ஹார்மோன் மூலம் முட்டை வெளிவருவதைத் தடுக்கும். கருப்பை வாயில் ஊறும் சளியைக் கெட்டியாக்கி விந்தணு நீந்திப் போக முடியாதபடியும் செய்யும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியிலிருந்து கசியும் செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையில், பெண்ணுக்கானால் முட்டை போகும் குழாயையும் ஆணுக்கானால் விந்தணு வரும் குழாயையும் அடைக்கிறார்கள். இவற்றில் எதுவும் ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்கும் முறை கிடையாது. இந்தச் சந்தேகம் பலர் மனசில் இருந்தும் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிவைக்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே முறைக்கு இரண்டு எண்கள்

கருத்தடையைப் பற்றிப் படிக்கும்போது “99 சதவீதம் பலன் தரும்” என்ற வரி எங்கும் வரும். அந்த எண் எப்படிப் போட்டுக்கொண்டால் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தத் தடையும் இல்லாமல் ஒரு வருடம் உறவில் இருக்கும் 100 பெண்களில் ஏறக்குறைய 85 பேர் கருத்தரிப்பார்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூடப் பிசகாமல் போட்டால், ஒரு வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது, கணக்கில் 0.3 என்று வரும். ஆனால் நடைமுறையில், மறதியும் பயணமும் வாந்தியும் தீர்ந்துபோன அட்டையும் கலந்த வாழ்க்கையில், அந்த எண் 7 ஆகிறது. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் 2, நடைமுறையில் 13. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு 0.2 என்பது நடைமுறையில் 4. காப்பர்-டிக்கு 0.6, நடைமுறையில் 0.8. இம்ப்ளான்டுக்கு இரண்டுமே 0.1 அளவில்தான்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் உள்ள தூரம் மருந்தின் வீரியத்தில் இல்லை, யார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது. காப்பர்-டியும் இம்ப்ளான்டும் ஒருமுறை வைத்தால் தாமாக வேலை செய்யும். மாத்திரை உங்களை நம்பி இருக்கிறது. ஆணுறை இரண்டு பேரையும், அதுவும் அந்த நேரத்தில், நம்பி இருக்கிறது.

அதனால் என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் முதலில் உடல்நலத்தைக் கேட்க மாட்டேன். “கடைசியாக டாக்டர் கொடுத்த அஞ்சு நாள் மாத்திரையை முழுசா முடிச்சீங்களா?” என்றுதான் கேட்பேன். முடிக்காதவர்களே அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வருபவர், கைக்குழந்தையோடு தூக்கமே இல்லாதவர், நாலு பேருக்கு நடுவில் வாழ்ந்து மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க வேண்டியவர் என யாராக இருந்தாலும், மறந்தாலும் வேலை செய்யும் முறையே அவருக்கு ஏற்றது. கல்லில் செதுக்கியது மாதிரி ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் படுக்கும் பழக்கம் உள்ளவருக்கு மாத்திரை அழகாகப் பொருந்தும்.

அடுத்த குழந்தை எப்போது?

ஆறு மாதத்தில் முயற்சி செய்யப் போகிறீர்கள் என்றால் ஊசி வேண்டாம். மூன்று மாத ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும், ஆனால் மெல்லத்தான் வரும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கும்வரை சராசரியாகப் 10 மாதம் ஆகிறது. சிலருக்கு இன்னும் நீளும். இதைச் சொல்லாமல் ஊசி போட்டுவிட்டால், பிறகு குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் “என்னால் ஆகாதோ” என்று தேவையில்லாமல் நொந்துபோவாள். மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, இம்ப்ளான்ட் எதை நிறுத்தினாலும் இந்தத் தாமதம் இல்லை. எடுத்த மாதமே கருத்தரித்தவர்கள் உண்டு.

இரண்டு, மூன்று வருட இடைவெளி வேண்டும் என்பவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குள் குறைந்தது 24 மாத இடைவெளி இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து வருடத்துக்கும் மேல் வேண்டும், அல்லது “போதும், ஆனால் அறுவை சிகிச்சை வேண்டாம்” என்று நினைப்பவர் நீண்ட காலச் சாதனங்களைப் பார்க்கலாம். 380 சதுர மில்லிமீட்டர் செம்பு கொண்ட காப்பர்-டி 10 வருடத்துக்கு வேலை செய்யும். இம்ப்ளான்ட் வகையைப் பொறுத்து 3 முதல் 5 வருடம் வரும். இவற்றை வைத்தால் அந்தக் காலம் முடியும்வரை வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

உடம்பில் ஏற்கெனவே இருப்பவை

“கருத்தடை மாத்திரை” என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையை. ஒன்று ஈஸ்ட்ரோஜன், மற்றது புரோஜெஸ்டின். வாரத்துக்கு ஒன்றாக ஒட்டும் பட்டையும், யோனிக்குள் வைக்கும் வளையமும் இதே வகைதான். கவனம் தேவைப்படுவது ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில். அது ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது.

அதனால் சிலருக்கு இந்த வகை கூடவே கூடாது. காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், 35 வயதைத் தாண்டித் தினமும் 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்கள், மார்பகப் புற்றுநோய் இருப்பவர்கள், பிரசவமாகி 6 வாரம்கூட ஆகாமல் பால் கொடுப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம். இன்னொன்று, அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று: ஒற்றைத் தலைவலி. தலைவலி வருவதற்கு முன்பு கண்ணில் மின்னல் கோடுகள் ஓடுவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, ஒரு பக்கம் மரத்துப்போவது போன்ற அறிகுறிகள் வருமானால், எந்த வயதாக இருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு அதனால் பக்கவாத அபாயம் கூடுகிறது. “தலைவலி வருமா?” என்று மட்டும் கேட்டால் இது வெளியே வராது. நீங்களாகச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு இந்த அபாயம் எவ்வளவு? மாத்திரை போடாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. மாத்திரை போடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்ப காலத்திலோ 5 முதல் 20 பேருக்கு, பிரசவமான முதல் 12 வாரத்தில் அதைவிடப் பல மடங்கு. மாத்திரையைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களைச் சொல்வதில்லை. பெரியவர்களின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1960இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது அதில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 தான். அன்றைய மாத்திரையின் கெட்ட பெயரை இன்றைய மாத்திரை சுமக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் கூடாதவர்கள் எல்லோரும் ஹார்மோனையே மறந்துவிட வேண்டியதில்லை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, இம்ப்ளான்ட், ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம் ஆகியவை அவர்களில் பலருக்கு ஏற்றவை. விதிவிலக்கு மார்பகப் புற்றுநோய். அது இருப்பவர்களுக்கு எந்த ஹார்மோனும் வேண்டாம், காப்பர்-டி பாதுகாப்பானது.

சாப்பிடும் மற்ற மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். சளி, காய்ச்சலுக்குத் தரும் சாதாரண ஆன்டிபயாடிக்குகள் அப்படிச் செய்வதில்லை.

ரத்தப்போக்கு: தேர்வைத் தீர்மானிக்கும் விஷயம்

பெண்கள் ஒரு முறையைப் பாதியில் விடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மாதவிடாய் மாறிப்போவது. ஆனால் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இதைப் பற்றி யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. நான் இதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன்.

காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, ஆகவே சுழற்சி மாறாது. ஆனால் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்கு ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். ஏற்கெனவே மாதாமாதம் துணி மாற்றி மாளாதவர், ரத்தசோகை உள்ளவர் இதை யோசித்துச் செய்ய வேண்டும். அவருக்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. பார்க்க அதே டி வடிவம், ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கருப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் சாதனம். அது ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும். அதிக ரத்தப்போக்குக்கு மருந்தாகவே அதை வைக்கிறார்கள். ஒரே இடத்தில் வைக்கும் இரண்டு சாதனங்கள், ஒன்று கூட்டும், மற்றது குறைக்கும். “லூப் போட்டால் ரொம்பப் போகும்” என்று யாராவது சொன்னால், எந்த லூப் என்று கேளுங்கள்.

இம்ப்ளான்டில் ரத்தப்போக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. சிலருக்கு நின்றுவிடும், சிலருக்கு மாதத்தில் பல நாள் சொட்டுச் சொட்டாகப் படும். ஆபத்து இல்லை, ஆனால் எரிச்சல்தான். படும் நாட்களில் தொழுகையோ பூஜையோ கூடாது என்று கடைப்பிடிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, தேர்வையே மாற்றிவிடும். அதை ஆலோசனையில் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஊசியில் முதல் சில மாதம் ஒழுங்கில்லாமல் இருக்கும், பிறகு பலருக்கு மாதவிடாயே நின்றுவிடும்.

நின்றுவிடும் என்றதும் அடுத்த கேள்வி வரும்: “அந்தக் கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிவிடாதா?” தங்காது. மாதவிடாயில் வெளியேறுவது, கருவை எதிர்பார்த்துக் கருப்பை கட்டிவைத்த மெத்தை. புரோஜெஸ்டின் அந்த மெத்தையைத் தடிக்கவே விடுவதில்லை. கட்டாத மெத்தை உதிர வேண்டியதில்லை. உள்ளே தேங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. கலப்பு மாத்திரையின் இடைவெளி வாரத்தில் வரும் ரத்தம்கூட இயல்பான மாதவிடாய் கிடையாது. ஹார்மோன் திடீரென்று குறைவதால் வரும் கசிவு அது. அதனால்தான் மாத்திரையில் இருக்கும்போது போக்கும் வலியும் குறைந்து பலர் நிம்மதி அடைகிறார்கள். நீண்ட காலம் மாத்திரை போட்டவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயும் கருப்பை உள்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பும் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு, போடும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது, நிறுத்திய பிறகு மெல்லக் குறைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாத்திரை மறந்தால்

கலப்பு மாத்திரை அட்டையில் ஏழு நாள் இடைவெளி இருக்கும், அல்லது அந்த ஏழு நாளுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கும். அந்த ஏழு நாளில் சினைப்பை மெல்லக் கண் விழிக்கத் தொடங்குகிறது. எட்டாம் நாள் மாத்திரை வந்து மறுபடி தூங்க வைக்கிறது. ஆகவே அந்த இடைவெளி ஏழு நாளுக்கு மேல் நீள்வதுதான் ஆபத்து. அட்டையின் முதல் மாத்திரைகளையும் கடைசி மாத்திரைகளையும் மறப்பது, நடுவில் மறப்பதைவிட மோசம் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். அன்று இரண்டு போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால், நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுத் தொடருங்கள், அடுத்த ஏழு நாளுக்கு ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டது கடைசி வாரத்தில் என்றால் இடைவெளி விடாமல் நேராக அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் விட்டு, உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை தேவையா என்று கேளுங்கள்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்குக் கண்டிப்பு இன்னும் அதிகம். பழைய வகைகளில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே மறந்த கணக்குதான். டெசோஜெஸ்ட்ரல் உள்ளதற்கு 12 மணி நேரம் அவகாசம்.

பிரசவத்துக்குப் பிறகு

“இன்னும் தலைமுழுகவில்லையே” என்று நம்பி இருந்து, அடுத்த குழந்தையைச் சுமந்தவர்கள் ஏராளம். முட்டை முதலில் வரும், மாதவிடாய் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். பால் கொடுக்காதவருக்குப் பிரசவமாகி நாலு வாரத்திலேயே முட்டை வெளிவரலாம்.

தாய்ப்பால் உண்மையில் நல்ல கருத்தடைதான், மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேறினால்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் அல்லது கிட்டத்தட்ட அது மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. அப்படி இருக்கும் 100 பேரில் அந்த ஆறு மாதத்தில் ஓரிருவருக்குத்தான் கரு தங்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாறிவிட வேண்டும்.

காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைக்கலாம். அது தவறினால் 4 வாரம் கழித்து. பால் கொடுப்பவர்கள் இம்ப்ளான்டும் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையும் எடுத்துக்கொள்ளலாம். ஊசியை 6 வாரம் கழித்துத் தொடங்குவது வழக்கம். கலப்பு மாத்திரைக்கு, பால் கொடுப்பவராக இருந்தால் ஆறு மாதம் வரை பொறுப்பதே நல்லது. இதையெல்லாம் கர்ப்பமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்து வையுங்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஆணின் பங்கு

இரண்டு பேருக்கும் நேரும் ஒன்றைத் தடுக்க, பட்டியலில் உள்ள பெரும்பாலான முறைகள் பெண் உடம்பில்தான் நடக்கின்றன. ஆண் பயன்படுத்தக்கூடியவை இரண்டே. இரண்டும் நல்லவை.

எச்.ஐ.வி உள்ளிட்ட பால்வினை நோய்களையும் தடுப்பது உறை மட்டுமே. மாத்திரையோ காப்பர்-டியோ அந்த வேலையைச் செய்யாது. நோய்த்தொற்று பயம் கொஞ்சமாவது இருந்தால், வேறு எந்த முறை இருந்தாலும் ஆணுறையும் வேண்டும். உறை கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் பயன்படுத்தும் விதம். தேதி முடிந்த பாக்கெட், பர்ஸில் மாதக்கணக்கில் கசங்கிச் சூடேறியது, நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்றாமல் மாட்டுவது, தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுவது. எண்ணெய்ப் பசை லேடெக்ஸைச் சில நிமிடத்திலேயே பலவீனமாக்கிவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் நீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல்தான் சரி.

இன்னொன்று வாசக்டமி, அதாவது விந்தணு வரும் குழாயை அடைக்கும் சிகிச்சை. குழந்தை போதும் என்று முடிவெடுத்த தம்பதிக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பெண்ணுக்குச் செய்வதைவிடச் சின்ன சிகிச்சை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, மரத்துப்போக ஓர் ஊசி போதும். சீனாவின் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய கத்தியில்லா முறையில் ஒரே ஒரு சின்னத் துளை போடுகிறார்கள், தையல்கூடத் தேவைப்படாது. ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது, இந்தக் குழாய் வழியாக இல்லை. விறைப்பும் இன்பமும் வெளியேறும் திரவமும் முன்போலவே இருக்கும், அதில் விந்தணு மட்டும் இருக்காது. செய்த உடனே பலன் கிடைத்துவிடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நிரந்தர முறை எதுவானாலும், திரும்பப் பெற முடியாதது என்று நினைத்தே முடிவெடுங்கள். அமெரிக்காவில் முட்டை போகும் குழாயை அடைக்கும் சிகிச்சை செய்துகொண்ட பெண்களை 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் 20 சதவீதம் பேர் பின்னாளில் வருந்தினார்கள். 30 வயதைக் கடந்து செய்துகொண்டவர்களில் அது 6 சதவீதம். இளம் வயதில் இருப்பவருக்கு, அறுவை சிகிச்சைக்கு இணையான பலன் தரும் காப்பர்-டியும் இம்ப்ளான்டும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது.

நாள் கணக்கும் வெளியே எடுப்பதும்

வெளியே எடுக்கும் முறையை நம்பியிருக்கும் 100 ஜோடிகளில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒரு வருடத்தில் கரு தங்குகிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நிச்சயம் மேல், ஆனால் இப்போது குழந்தை வந்தால் வாழ்க்கை தடம் புரளும் என்ற நிலையில் இருப்பவர் இதை மட்டும் நம்பக் கூடாது. நாள் கணக்கு முறைகளில் எளியது, மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை பாதுகாப்பின்றிச் சேராமல் இருப்பது. சுழற்சி எப்போதும் 26 முதல் 32 நாட்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். உடல் வெப்பத்தையும் சளியின் தன்மையையும் தினமும் குறித்துவைத்துச் செய்யும் முறைகள், பொறுமையும் கணவரின் ஒத்துழைப்பும் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

தவறிப்போன இரவுக்கு

உறை கிழிந்துவிட்டது, அல்லது எதுவுமே பயன்படுத்தவில்லை. அப்போது கைகொடுப்பது அவசர மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை அவகாசம். இவை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகின்றன. ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் பயன் குறைவு. எல்லாவற்றையும்விடப் பலமானது, 5 நாளுக்குள் வைக்கும் காப்பர்-டி. அது 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும், வைத்ததைத் தொடர் கருத்தடையாகவும் விட்டுவைக்கலாம். அவசர மாத்திரையை அடிக்கடி போட்டால் கருப்பை கெட்டுவிடாது, ஆனால் அது மாதாமாதத்துக்கான முறையும் இல்லை. போட்ட பிறகு மூன்று வாரத்தில் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதித்துப் பாருங்கள்.

ஆலோசனைக்குப் போகும்போது

உங்கள் நோய்களையும் மருந்துகளையும் தலைவலியையும் எழுதி எடுத்துப் போங்கள். கலப்பு மாத்திரைக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், காப்பர்-டி போன்ற கருப்பைச் சாதனங்களுக்கு உள்பரிசோதனை வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவருக்கு, அறுவை சிகிச்சை தவிர மற்ற முறைகளைத் தொடங்க எந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வோர் உடல்நிலைக்கும் ஒவ்வொரு முறையையும் 1 முதல் 4 வரை தரம் பிரித்துவைத்திருக்கிறது. 1 என்றால் தடையில்லை, 4 என்றால் கூடவே கூடாது. “எனக்கு இது எத்தனையாம் தரம்?” என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

குழந்தை பெறாதவருக்குக் காப்பர்-டி கூடாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது பழைய கதை. 1970களில் டால்கன் ஷீல்ட் என்ற சாதனம் பலருக்குக் கடுமையான தொற்றை உண்டாக்கியது. அதன் நூல் பல இழைகளைச் சேர்த்துக் கட்டியது, கிருமி அதன் வழியே மேலே ஏறியது. இன்றைய நூல் ஒற்றை இழை. தொற்று அபாயம் வைத்த முதல் மூன்று வாரத்தில் சற்று உண்டு, பிறகு மிகக் குறைவு. காப்பர்-டி நெஞ்சுவரை ஏறிப்போகும் என்ற பயமும் வேண்டாம். மிக அரிதாக, வைக்கும் நேரத்தில் கருப்பைச் சுவரைத் துளைக்கலாம். சில சமயம் தானாக வெளியே வந்துவிடலாம். மாதவிடாய்க்குப் பிறகு நூல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். நூல் காணவில்லை என்றால் போய்ப் பார்க்கும்வரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த முறையைத் தொடங்கினாலும், தாங்கக்கூடிய தொந்தரவாக இருந்தால் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். உடம்பு பழகும். தாங்க முடியாவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். “இன்னும் கொஞ்ச நாள் பொறு” என்று சொல்லி எடுக்க மறுத்தால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி ஆகியவை மாத்திரையில் இருக்கும்போது வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது? நாற்பதைத் தாண்டினால் குழந்தை தங்காது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வாய்ப்பு குறைகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை. 50 வயதுக்கு மேல் என்றால் மாதவிடாய் நின்று ஒரு முழு வருடம், 50க்குள் நின்றுவிட்டால் இரண்டு வருடம் கழித்து நிறுத்தலாம். மாத்திரையோ ஹார்மோன் சாதனமோ பயன்படுத்துபவருக்கு ரத்தப்போக்கை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே அவர்கள் மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.